நாயின் உரோமமும் பச்சை உணவும்

ஒரு பிராணியின் உடல்நலத்தை முதலில் எடுத்துரைப்பவை அதன் தோலும் உரோமமுமே. குடலிற் புழு மிகுந்தாலும் ஈரல் பழுதுற்றாலும் நாய் வாய்திறந்து முறையிடுவதில்லை. அதன் உரோமம் மங்கிச் சிலிர்த்து நிற்பதையும், தோலிற் பொடுகு உதிர்வதையும், ஓயாது சொறிவதையும் கொண்டே நாம் அதன் துன்பத்தை அறிகின்றோம். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த அன்புவழிபுரம் போன்ற ஊர்களில் ஒழுங்கைக்கு ஒழுங்கை நாய்களைக் காணலாம். கோடையின் வெப்பமும், வடகீழ்ப் பருவமழையின் ஈரமும், உண்ணியும் தெள்ளும் சேர்ந்து அவற்றின் தோலை வாட்டுகின்றன.

இந்நாய்களின் நலம் விரும்புவோரிடையே இப்பொழுது ஓர் அறிவுரை பரவி வருகின்றது. “சோற்றை நிறுத்துங்கள், பச்சை இறைச்சியும் பச்சை மீனும் கொடுங்கள், உரோமம் பட்டுப்போல மின்னும்” என்பதே அது. அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்கர்ஸ்ற் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்குப் பின்னர் இக்கருத்துப் பல நாடுகளிற் செல்வாக்குப் பெற்றது. மீனுக்குப் பஞ்சமில்லாத நமது கரையில் இதனைச் செய்வது எளிது. எளிதாக இருப்பதனாலேயே, இதில் எவ்வளவு நன்மை உண்டு, எவ்வளவு தீமை உண்டு என்று ஆராய்வது இன்றியமையாததாகின்றது.

உரோமம் எதனால் ஆனது? அது பெரும்பாலும் புரதமே. நாய் உண்ணும் புரதத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வரை தோலையும் உரோமத்தையும் பேணுவதற்கே செலவாகக்கூடும். மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் மாத்திரம் உண்ணும் நாய்க்கு அவ்வளவு புரதம் கிடைப்பதில்லை. உடலோ இருதயத்துக்கும் தசைக்கும் முதலிடம் கொடுத்து, தோலுக்குக் கடைசியிலேயே பங்கிடுகின்றது.

புரதத்துக்கு அடுத்தது கொழுப்பு. 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். எலிகளின் தோல் செதிள் செதிளாக உரிந்தது. லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தைச் சிறிதளவு சேர்த்ததும் அவை தேறின. இவ்வமிலத்தை நாயின் உடலும் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது, உணவிலிருந்தே பெறவேண்டும். தோலின் ஈரம் வெளியேறாமற் காக்கும் மெல்லிய அரண் இதனால் அமைகின்றது. நமது நல்லெண்ணெயில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு லினோலெயிக் அமிலம் உண்டு. தேங்காயெண்ணெயிலோ நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே உண்டு. தேங்காயெண்ணெயை மேலே பூசினால் உரோமம் சிறிது நேரம் பளபளக்கும். உள்ளேயுள்ள குறை தீராது. சாளை போன்ற மீன்களின் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 அமிலங்கள் தோலின் அழற்சியையும் அரிப்பையும் ஓரளவு தணிக்கின்றன.

மூன்றாவது நாகம் என்னும் கனிப்பொருள். தானியங்களின் உமியிலும் தவிட்டிலுமுள்ள பைற்றேற்று என்னும் பொருள் நாகத்தைப் பிணைத்துவிடுவதால், தானியமே மிகுந்த உணவை உண்ணும் சில நாய்களின் வாயோரத்திலும் கண்ணைச் சுற்றியும் பொருக்குத் தட்டுகின்றது.

இவற்றைக் கொண்டு நோக்கினால், சோற்றிலிருந்து இறைச்சிக்கு மாறிய நாயின் உரோமம் ஏன் மின்னுகின்றது என்பது விளங்கும். முன்பு கிடையாத புரதமும் கொழுப்பும் நாகமும் இப்பொழுது கிடைக்கின்றன. அவற்றை அளித்தது இறைச்சி. அது பச்சையாக இருந்த தன்மையன்று. அவித்த இறைச்சியும் அவித்த மீனும் அவற்றை அளிக்க வல்லனவே. ஓநாயின் வழித்தோன்றலாதலால் நாய்க்குச் சோறு ஆகாது என்பதும் முழுமையான வாதமன்று. மாப்பொருளைச் செரிக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு ஓநாயிலும் பார்க்க நாயிற் பன்மடங்கு உண்டு என்பதை 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் காட்டினர். மனிதனோடு வாழ்ந்த நாய் மனிதனின் உணவுக்கும் பழகிவிட்டது. குட்டிப் பருவத்திற் பச்சை உணவு உண்ட நாய்களிற் சில தோல் ஒவ்வாமைகள் குறைவாகக் காணப்பட்டன எனப் பின்லாந்து ஆய்வாளர் கூறியுள்ளனர். ஆயின் அது வளர்ப்போர் அளித்த விடைகளைத் தொகுத்துக் கண்ட தொடர்பேயன்றிக் காரணத்தை நிறுவிய முடிவன்று.

இனித் தீமைகளை எண்ணுவோம். பச்சை மீன்களிற் பலவற்றில், சிறப்பாகச் சாளை, நெத்தலி ஆகியவற்றின் இனங்களில், தயமினேசு என்னும் நொதியம் உண்டு. அது விற்றமின் பி-1 ஐ அழித்துவிடும். 1930களில் மினசோற்றாவிலுள்ள பண்ணையொன்றிற் பச்சை மீன் உண்ட நரிகள் பசியிழந்து, தள்ளாடி, வலிப்புற்று மடிந்தன. நாய்க்கும் அக்கதி நேரலாம். மீனை உறைய வைப்பதால் இந்நொதியம் அழிவதில்லை, அவிப்பதால் அழியும். அவ்வாறே பச்சை முட்டையின் வெண்கருவிலுள்ள அவிடின், தோலுக்கு வேண்டிய பயோற்றின் என்னும் விற்றமினைப் பிணைத்துக்கொள்கின்றது. உரோமத்துக்காகப் பச்சை முட்டையை நாள்தோறும் கொடுப்பவர் தம் நோக்கத்துக்குத் தாமே இடையூறு செய்கின்றனர்.

இவற்றிலும் பெரிய ஆபத்து நம் பிள்ளைகளுக்கு உரியது. பச்சை இறைச்சியிலுள்ள சல்மனெல்லா முதலிய பற்றீரியாக்கள் நாயை நோயாக்காமலே அதன் மலத்தின் வழி வெளியேறலாம். இக்காரணம் பற்றியே அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் 2012இற் பச்சை இறைச்சி உணவை ஊக்குவிக்கலாகாது என்று கொள்கை வகுத்தது. ஆட்டினதும் மாட்டினதும் பச்சை ஈரலிலும் நுரையீரலிலும் எக்கினொகொக்கசு என்னும் நாடாப்புழுவின் கட்டிகள் இருக்கக்கூடும். அவற்றை உண்ட நாயின் குடலிற் புழு வளர்ந்து, அதன் முட்டைகள் மலத்தோடு வெளிவந்து உரோமத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அந்நாயைத் தடவிய பிள்ளை கைகழுவாது உண்டால், முட்டை வயிற்றினுட் சென்று, ஈரலிலோ நுரையீரலிலோ பல்லாண்டுகள் மெல்ல வளரும் நீர்க்கட்டியாகின்றது. அழகுபடுத்த நினைத்த உரோமமே நோயைச் சுமக்கும் நிலை இவ்வாறு உண்டாகலாம்.

ஆகவே வீட்டிற் செய்யத்தக்கது யாது? மீனையும் கோழியையும் உப்பும் வெங்காயமும் இன்றி அவித்து, முள்ளையும் எலும்பையும் நீக்கிச் சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை அழிப்பவை. குழம்புச் சோறு தகாது என்பதற்கு இதுவே காரணம். அவித்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். கருவாட்டின் உப்பும் நாய்க்கு ஆகாது. வெயிலிற் கிடந்த சூரை மீனில் உண்டாகும் நஞ்சு அவித்தாலும் நீங்காதாகையால், மனிதர் உண்ணத் தகாததை நாய்க்கு இடுதலும் தவறு. பத்துக் கிலோகிராம் எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். எலும்பில்லா இறைச்சியிற் கல்சியம் மிகக் குறைவு. அவித்துக் காயவைத்து நன்றாக அரைத்த முட்டையோட்டுத் தூளில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய அக்குறையை நிரப்பும். குட்டிகளுக்கும் சினைநாய்களுக்கும் அளவுகள் வேறாதலால் மிருக வைத்தியரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும்.

நாயின் மேற்றோல் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ மூன்று கிழமை செல்லும். உரோமம் தேற மேலும் காலம் வேண்டும். ஆதலின் இரண்டு மாதமேனும் பொறுத்திருந்து பயனை அறியவேண்டும். அதன் பின்னரும் அரிப்புத் தணியாவிடின் குறை உணவில் இல்லை என்று கொள்ளலாம். சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணிகள், தெள்ளு, பூஞ்சணம் ஆகியவற்றை எந்த உணவும் நீக்காது. அவற்றுக்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. கழிவு எஞ்சின் எண்ணெயைச் சொறிநாயின்மேற் பூசும் வழக்கமோ கொடியது. நாய் அதனை நக்கி விழுங்குகின்றது. தோலின் வழியாகவும் நஞ்சு உட்செல்கின்றது.

புழுமருந்தையும் விசர்நோய்த் தடுப்பூசியையும் காலந்தவறாது கொடுத்தல் உணவினும் முந்திய கடமையாகும். தெருநாய்களைக் கொல்வதை 2006ஆம் ஆண்டிற் கைவிட்ட நாடு நமது நாடு. கொல்லாமை ஏற்ற அறமே. ஆனால் கொல்லாது விட்டதோடு அவ்வறம் முற்றுப்பெறுவதில்லை. நம் வாயிலில் வந்து நிற்கும் உயிருக்கு அவித்த ஒருபிடி உணவும், வேண்டிய மருந்தும், நம் பிள்ளைகளுக்குக் கைகழுவும் பழக்கமும் அளிப்போமாயின், நாயின் தோலும் நலம்பெறும். நம் வீடும் நலம்பெறும்.