உப்பும் எஞ்சினும்

குமரிக் கரையில் ஃபைபர் படகுகளின் பின்புறம் தொங்கும் அவுட்போர்டு எஞ்சினுக்குப் பரம சத்துரு அலையன்று, உப்பே. ஆதலின் கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரை உள்ளே ஓடவிட்டு, குளிர்விக்கும் வழிகளில் உப்பு உறையாவண்ணம் கழுவுதல் நித்திய கருமமாகும். தண்ணீரின்றி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதோ, ரப்பர் இம்பெல்லரைச் சொற்ப நேரத்தில் கருக்கிவிடும் விபரீதம். வடித்தெடுத்த கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால், ஸீல் தேய்ந்து நீர் புகுந்துவிட்டதென்றே கொள்ளலாம். புரொபெல்லர் தண்டில் சுற்றிய நைலான் நூலை அகற்றப் புகுமுன், ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி வைத்தல் அவசியம். ஏனெனில், கியரில் கிடக்கும் எஞ்சின், கையால் சற்றே திருப்பிய மாத்திரத்தில் உயிர் பெற்றுவிடக்கூடும். அடியில் பொருத்திய துத்தநாகக் கட்டி, தான் அரிபட்டு அலுமினிய உடலைக் காப்பது. அழகுக்காக அதன்மீதும் வர்ணம் பூசிவிடுகிறவர்கள் அனேகர். பூசலாகாது; பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.