சிரித்தால் குற்றமா?
காதல் நகைச்சுவைப் படங்களும் நாமும்

ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டம். சம்பளம் போட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அங்குள்ள மாதர் சங்கத்தினர் பிள்ளைக் காம்பராவில் ஒரு படம் போட்டார்கள். யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. படம் 'காதலிக்க நேரமில்லை'. நானும் ஓரமாகப் பாயில் உட்கார்ந்து பார்த்தேன்.

எனக்கு முன்னால் இருந்த ஒரு சகோதரி, படம் தொடங்கியதிலிருந்தே முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். நாகேஷ் தன் தகப்பனான பாலையாவுக்குப் பேய்ப் படத்தின் கதையைச் சொல்லி நடுங்க வைக்கும் காட்சி வந்தது. காம்பரா முழுவதும் சிரிப்பு. அந்தச் சகோதரியின் தோள்களும் குலுங்கின. முந்தானை மட்டும் இறங்கவில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"சிரிப்பா வருதுக்கா. ஆனா சிரிச்சா, புருசன் போயி இவளுக்கு என்னா சிரிப்பு வேண்டிக்கெடக்குன்னு கேப்பாங்க" என்றார்.

அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அவர் பிறந்ததும் கல்யாணம் செய்ததும் அங்கேதான். 2009இல் கணவரை இழந்தார். பின்னர் இரண்டு பிள்ளைகளோடு, தோட்டத்தில் இருக்கும் பெரியப்பா மகனின் லயக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் அழுதால் "பிள்ளைகள் முன்னால் அழாதே" என்கிறார்கள். சிரித்தால் வேறு கதை பேசுகிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என் மனதில் இருக்கிறது. ஆடல், பாடல், ஆள்மாறாட்டம், கடைசியில் கல்யாணம் என்று முடியும் இந்தப் படங்களை, இவ்வளவு இழந்த பெண்கள் ஏன் விரும்பிப் பார்க்கிறார்கள்? இது வெறும் பொழுதுபோக்கா? அல்லது அவற்றுக்குள் நமக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறதா?

திறக்கக்கூடிய பூட்டு

'காதலிக்க நேரமில்லை' 1964ஆம் ஆண்டு வெளிவந்தது. இயக்கியவர் ஸ்ரீதர். அதற்கு முன் 'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஆகிய படங்களால் தமிழ்ப் பெண்களை அழ வைத்தவர் அவர். அதே மனிதர், நண்பர் சித்ராலயா கோபுவுடன் சேர்ந்து ஆரம்பம் முதல் முடிவு வரை சிரிக்கவென்றே இந்தப் படத்தைச் செய்தார்.

கதை எளியது. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனுக்கு இரண்டு மகள்மார். பணக்கார மாப்பிள்ளைதான் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒரு மகளை விரும்பும் அசோக்கிடம் பணம் இல்லை. ஆகவே அவனுடைய நண்பன் வாசு, நரைத்த தலையோடு கோடீஸ்வரத் தகப்பனாக வேஷம் போட்டு வருகிறான். வந்த வீட்டிலே வாசு விரும்பும் பெண்ணும் இருக்கிறாள். அவள்தான் மற்ற மகள்!

அழுகைப் படத்திலும் இதே தடைதான் இருக்கும். பணம், அந்தஸ்து, தகப்பனின் பிடிவாதம். அங்கே தகப்பன் சொன்னால் அதுவே தீர்ப்பு. பெண் கண்ணீரோடு தலைகுனிவாள். சிரிப்புப் படத்தில் அந்தத் தகப்பனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பணம் என்றதும் அவர் குழைவதையும், பொய்க் கோடீஸ்வரனுக்கு விழுந்து விழுந்து உபசாரம் செய்வதையும் பார்த்தபின் அவர்மேல் நமக்குப் பயம் இருப்பதில்லை. பூட்டுப் பெரியதாக இருந்தாலும் திறக்கலாம் என்று தெரிந்துவிடுகிறது.

இன்னொரு விடயமும் இருக்கிறது. இந்தப் படங்களில் உண்மை யாருக்குத் தெரியும்? பார்க்கும் நமக்குத் தெரியும். கிழவன் வேஷத்தில் இருப்பது வாசு என்று நாம் அறிவோம். பெரிய முதலாளிக்குத்தான் தெரியாது. வாழ்க்கையில் நம் நிலை இதற்கு நேர்மாறு. எந்தக் கந்தோரில் நம் கடிதம் கிடக்கிறது, யார் என்ன முடிவெடுத்தார்கள், கூட்டிக்கொண்டு போனவர்கள் எங்கே வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் நமக்குத்தான் கடைசிவரை தெரியாது. எல்லாம் தெரிந்தவர்களாக இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது சிறிய சுகமல்ல.

மூன்றாவது, முடிவு. இங்கே யாரையும் பழிவாங்குவதில்லை. ஏமாந்த தகப்பனும் கடைசியில் அதே வீட்டில் எல்லோருடனும் இருக்கிறார். வீடு நிறைந்து படம் முடிகிறது. வீடு வெறித்துப் போனவர்களுக்கு அந்தக் கடைசிக் காட்சி ஏன் பிடிக்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

வேறு நாடுகளிலும் கஷ்ட காலத்தில் இவ்வகைப் படங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றிருக்கின்றன. அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சியால் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்திருந்த 1934இல் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' வெளிவந்தது. வீட்டை விட்டு ஓடிவந்த பணக்காரப் பெண்ணும் வேலையிழந்த பத்திரிகைக்காரனும் பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டே பயணம் செய்யும் கதை. அது ஐந்து ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. கையில் காசில்லாத சனங்கள், பணக்காரப் பெண் பஸ்ஸில் இடிபட்டுப் போவதைப் பார்த்து ரசித்தார்கள்.

அவர்களின் எஸ்டேட்டும் எங்கள் தோட்டமும்

மலையகத்துப் பெண்கள் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. படத்தில் வருவதும் ஓர் எஸ்டேட்தான். ஆனால் அது காரும் பங்களாவும் பாட்டும் உள்ள எஸ்டேட். மலையில் ஏறி இறங்கி வேலை செய்பவளுக்கு அங்கே கதை இல்லை.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட அசோக், முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு வேலை கேட்டுக் கோஷம் எழுப்புகிறான். படத்தில் அது சிரிப்பு. நம் மலைகளில் உரிமை கேட்டவர்களின் கதை வேறு. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனும், 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணனும் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

படம் வந்த அதே 1964ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதம், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மீதி 150,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசாங்கங்களும் மனிதரைக் கணக்குப் போட்டுப் பிரித்தன. அக்காவுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு. விரும்பியவர்கள் பிரிந்தார்கள்; பேசி வைத்த கல்யாணங்கள் நின்றன. தலைமன்னாருக்குப் போன ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே சனங்கள் அழைத்தார்கள். எந்த வேஷம் போட்டும் ஏமாற்ற முடியாத தகப்பனாக அந்த ஒப்பந்தம் இருந்தது.

அப்படியானால் அந்தப் படம் பொய்யா? பிள்ளைக் காம்பராவில் இதைக் கேட்டேன். முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா சொன்னார்: "பொய்தான். ஆனா அந்தப் பெரிய ஆளு நடுங்குறத பாக்கையில நம்ம தொரைய நெனச்சுக்கிட்டேன். அரைப் பேரு போடுற அன்னிக்கி இத நெனச்சா கொஞ்சம் தெம்பா இருக்கும்." எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். இம்முறை சத்தமாகவே.

மலையகத்தைத் திரையில் காட்டும் முயற்சிகள் நம் நாட்டிலும் நடந்திருக்கின்றன. 'தோட்டக்காரி' (1963) வந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' (1975) தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைச் சொன்னது. சிரிப்புக்கென்று வந்தது 'கோமாளிகள்' (1976). இலங்கை வானொலியில் புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரிலிருந்து எஸ். ராமதாஸ் எழுதிய படம் அது. நம் நாட்டின் பல பேச்சு வழக்குகளையும் திரையில் கேட்டுச் சிரிக்க வைத்தது. ஆனால் கொழுந்துக் கூடை சுமப்பவள் கதாநாயகியாக நின்று, அவளுடைய வாயாடித்தனத்தைக் கேட்டு ஊரே சிரிக்கும் ஒரு காதல் படத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

அழுகைக்கு இடம் உண்டு. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில், சிவன் மன்மதனை எரித்ததும் ரதி தாலியிழந்து புலம்புவாள். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் தங்கள் இழப்பையும் சேர்த்து அழுவார்கள். அந்த ரதியாக வேஷம் கட்டுபவரும் வழமையாக ஓர் ஆண்தான். விதவையின் அழுகைக்கு ஊரில் ஒரு மேடை இருக்கிறது. அவளுடைய சிரிப்புக்குத்தான் இடம் இல்லை.

சம்பளம் கேட்கும் கதாநாயகி

அடுத்த முறை நாங்கள் பார்த்த படம் 'மிஸ்ஸியம்மா' (1955). எல்.வி. பிரசாத் இயக்கி, சாவித்திரியும் ஜெமினி கணேசனும் நடித்தது. மேரி படித்த பெண். குடும்பத்துக்குக் கடன் இருக்கிறது. கடன் கொடுத்தவன் அவளையே கல்யாணத்துக்குக் கேட்டு நெருக்குகிறான். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியத் தம்பதி தேவை என்று விளம்பரம் வருகிறது. வேலை தேடி அலையும் பாலுவும் மேரியும் கணவன் மனைவியாக நடித்து அந்த வேலையில் சேர்கிறார்கள். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். ஒரு வீட்டுக்குள் இருந்தாலும் இருவரும் ஓயாமல் முட்டி மோதுகிறார்கள்.

இந்தப் படம் ஏன் இன்றும் இனிக்கிறது? மேரி யாருக்கும் பணிந்து போவதில்லை. அவள் வந்தது சம்பளத்துக்கு, கடனை அடைக்க. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். பாலுவும் அவளைப் போலவே வேலையில்லாதவன். இருவரும் ஒரே தரையில் நிற்பதால் அவர்களின் சண்டை சிரிப்பைத் தருகிறது. ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்றிருந்தால் அதே சண்டை நமக்குப் பயத்தையே தந்திருக்கும். நல்ல காதல் நகைச்சுவைப் படத்தின் இரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். பெண்ணுக்கு 'இல்லை' என்று சொல்லும் வாய் இருக்க வேண்டும். அப்போதுதான் அவள் கடைசியில் 'ஆம்' என்பதற்கு மதிப்பு.

கடன்காரனின் காட்சி வந்தபோது காம்பராவில் யாரும் சிரிக்கவில்லை. கணவரை இழந்தபின் நுண்கடன் வாங்கி, வாராவாரம் தவணைக்காரர் வாசலில் நிற்பதைக் கண்டவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். அவர்களுக்கு மேரியை நன்றாகவே புரிந்தது.

எல்லாச் சிரிப்பும் நமக்கானதல்ல

இதையும் பேசத்தான் வேண்டும். நகைச்சுவை என்ற பெயரில் நம்மைக் காயப்படுத்தும் படங்களும் ஏராளம். 'வேண்டாம்' என்ற பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடர்வதைக் காதல் என்று காட்டுகிறார்கள். கறுப்பு நிறத்தையும் உடல் பருமனையும் வயதையும் வைத்துக் கேலி செய்கிறார்கள். கணவனை இழந்தவளை இரட்டை அர்த்தப் பேச்சுக்கு ஆளாக்குகிறார்கள்.

ஆண் துணையின்றிப் பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணுக்கு, பின்னால் வரும் காலடிச் சத்தம் விளையாட்டல்ல. முகாமிலும் வீதியிலும் மலைப் பாதையிலும் அதை அனுபவித்தவர்கள் நாம். இத்தகைய படங்களைப் பார்த்து வளரும் நம் மகன்மார் எதைப் படிக்கிறார்கள் என்றும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. 'மிஸ்ஸியம்மா'வில் சிறுவயதில் தொலைந்த மகள் கடைசியில் கிடைத்துவிடுகிறாள். காணாமற்போனவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் அப்படியொரு முடிவு நெஞ்சை அறுக்கலாம். 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவான பிறகும் ஏராளமான வீடுகளுக்குப் பதில் வரவில்லை. அப்படி ஒருவர் படத்தின் நடுவே எழுந்து வெளியே போனால் யாரும் காரணம் கேட்க வேண்டாம். ஒருவர் கூடப் போய்ப் பக்கத்தில் இருந்தால் போதும்.

சேர்ந்து பார்ப்போம், பேசுவோம்

உங்கள் சங்கத்திலும் மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு படம் போடலாம். பெரிய செலவில்லை. ஆனால் படத்தை முதலில் ஒருவர் பார்த்துவிடுவது நல்லது. பாதியில் துப்பாக்கிச் சத்தமோ வன்முறையோ வந்தால் மனம் கலங்குபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். படம் முடிந்ததும் கலைந்து போகாமல் சிறிது நேரம் பேசுங்கள்.

இந்தக் கதையில் நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? அதிகாரம் உள்ளவரையா, இல்லாதவரையா?

கதாநாயகி 'வேண்டாம்' என்றபோது கதாநாயகன் என்ன செய்தான்?

அவளுக்கு ஒரு வேலையோ, ஒரு சினேகிதியோ, சொந்தமாக ஓர் ஆசையோ இருந்ததா?

இந்தக் கதை நம் லயத்தில் நடந்திருந்தால் எப்படி முடிந்திருக்கும்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களில் நல்ல கதைகள் இருக்கும். யாராவது ஒருவர் எழுதி வையுங்கள். கொழுந்துக் கூடை சுமக்கும் கதாநாயகி அங்கிருந்துகூட வரலாம்.

முந்தானையால் வாயை மூடியிருந்த சகோதரி 'மிஸ்ஸியம்மா'வுக்கும் வந்தார். சாவித்திரி கோபத்தில் வெடிக்கும் இடங்களில் அவர் சிரித்ததைப் பக்கத்தில் இருந்த எல்லோரும் கேட்டோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புறப்படும்போது சங்கத் தலைவியிடம், "அடுத்த மாசம் என்னா படங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவருடைய துக்கம் தீரவில்லை. அது அவரோடு லயத்துக்குத் திரும்பிப் போயிருக்கும். ஆனால் இறந்தவரை மறந்தவள்தான் சிரிப்பாள் என்ற பேச்சு பொய் என்று அன்று அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது. சகோதரிகளே, நம்மில் ஒருத்தி சிரிக்கும்போது முகம் சுளிக்காமல், அவளோடு சேர்ந்து சிரிக்கப் பழகுவோம்.