ஸ்வார்த்மூர் வீட்டுத் தபால்

பிஷப் இல்லை, சம்பளப் பாதிரி இல்லை, ஞானஸ்நானம்கூட இல்லை. 1650களில் இங்கிலாந்தில் பரவிய குவேக்கர்கள், கடவுளின் ஒளி ஒவ்வொருவர் உள்ளத்திலும் நேராகவே பேசும் என்றார்கள். நடுவில் ஆள் எதற்கு? உள்நாட்டுப் போரை ஒட்டிய அந்தக் காலத்தில் டிக்கர்கள், ரான்டர்கள் என்று இன்னும் பல குழுக்கள் முளைத்தன, சில ஆண்டுகளில் மறைந்தும் போயின. குவேக்கர்கள் மட்டும் இன்றும் இருக்கிறார்கள். ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற பிரசங்கியின் பெயரைத்தான் இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். அவர் பேச்சு அபாரம்தான். ஆனால் நான் ஒரு வீட்டுக்கு வந்துபோன தபாலுக்கே அதிக மதிப்பெண் போடுவேன்.

அன்றைய லங்காஷயரின் வடக்கு ஓரத்தில், உல்வர்ஸ்டன் அருகே இருக்கிறது ஸ்வார்த்மூர் ஹால். அதன் எஜமானி மார்கரெட் ஃபெல், 1614இல் பிறந்தவர். கணவர் தாமஸ் ஃபெல் நீதிபதி. 1652 கோடையில் அவர் வெளியூர் போயிருந்தபோது ஃபாக்ஸ் வந்தார், வீடே அவர் பக்கம் சாய்ந்தது. மோர்கம்ப் விரிகுடாவின் மணல்வெளியைக் கடந்து திரும்பிய நீதிபதியை ஊர்ப் பெரியவர்கள் எதிர்கொண்டு, ‘உங்கள் மனைவிக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள்’ என்று முறையிட்டார்களாம். வீட்டுக்கு வந்ததும் நீதிபதி ஃபாக்ஸ் பேசியதைக் கேட்டார். கடைசிவரை அவர் குவேக்கர் ஆகவில்லை. ஆனால் கூட்டங்களைத் தன் வீட்டிலேயே நடத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். நீதிபதி வீட்டுக்குள் நுழைந்து கலைக்க எந்தக் காவலருக்குத் துணிவு வரும்?

1654இல் அறுபது பேர் அளவில் பிரசங்கிகள் தெற்கு நோக்கி நடந்தார்கள். இன்றைக்கு ஒரு சந்தையில், நாளைக்கு ஒரு சிறையில். யார் எங்கே இருக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது. அறுபது பேரும் ஒருவரோடு ஒருவர் நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ள 1,770 இணைப்புகள் வேண்டும். எல்லோரும் ஒரே விலாசத்துக்கு எழுதினால் 60 போதும். அந்த ஒரே விலாசம் ஸ்வார்த்மூர். வந்த கடிதத்தை மார்கரெட் படிப்பார், நகலெடுக்கச் செய்வார், அடுத்த ஊருக்கு அனுப்புவார். சோர்ந்தவருக்குத் தைரியம், வரம்பு மீறியவருக்குக் கண்டிப்பு, எல்லாம் அவர் கையால் போயின. கெண்டல் என்ற ஊரில் ஒரு நிதி தொடங்கி, நடந்து தேய்ந்த செருப்புக்கும் சிறைச் செலவுக்கும் பணம் போக வழி செய்தார். அக்காலச் சிறையில் கைதி தன் சாப்பாட்டுக்குத் தானே காசு கொடுக்க வேண்டும். இந்த நிதி இல்லாவிட்டால் பலர் பட்டினியால் செத்திருப்பார்கள்.

கடல் கடந்தும் எழுதினார். யூதர்களுக்காக அவர் எழுதிய சிறுநூல் ஒன்று ஹாலந்தில் ஹீப்ருவுக்குப் போனது. மொழிபெயர்த்தவர் இளம் ஸ்பினோசாவாக இருக்கலாம் என்று சில வரலாற்றாசிரியர்கள் ஊகிக்கிறார்கள். நிரூபணம் இல்லை, ஆனாலும் விட்டுவிட மனம் வராத ஊகம்.

எல்லாக் கடிதமும் ஒரே வீட்டின் வழியாகப் போகும் இத்தகைய வலைப்பின்னலில் எந்த ஓரக் கணுவை வெட்டினாலும் மற்றவை பிழைக்கும். மையத்தை வெட்டினால் சிதறிவிடும். 1658இல் தாமஸ் ஃபெல் இறந்தார். 1660இல் மன்னராட்சி திரும்பியது. 1664இல் மார்கரெட்டைப் பிடித்து, அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்று ஆகிவிடுமே என்பதால் குவேக்கர்கள் பிரமாணமே எடுப்பதில்லை. ஆயுள் சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பு. லங்காஸ்டர் கோட்டையில் நான்கு ஆண்டுகள் அடைபட்டிருந்தார். பெண்கள் சபையில் பேசலாம் என்று பைபிளைக் கொண்டே வாதிடும் நூலை அங்கிருந்துதான் எழுதினார். 1666இல் அது அச்சானது. இயேசு உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் சுமந்து போனவர்கள் பெண்கள்தானே என்று கேட்கிறார். செய்தி சுமப்பதன் எடையை அவரைவிட அறிந்தவர் யார்?

கணக்குப்படி இயக்கம் அப்போது உடைந்திருக்க வேண்டும். ஆனால் மகள்கள் வீட்டை நடத்தினார்கள். தானும் சிறையில் இருந்து 1666இல் விடுதலையான ஃபாக்ஸ் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி மாதக் கூட்டங்களை அமைத்தார். தங்கள் வட்டாரத்தின் திருமணம், ஏழைகள் உதவி, கைதிகள் விவரம் எல்லாவற்றையும் அவையே பார்த்துக்கொண்டன. ஒரு மையம் செய்த வேலை நூறு இடங்களுக்குப் பிரிந்தது; இனி வெட்டுவதற்கு ஒற்றைக் கழுத்து கிடையாது.

1669இல் மார்கரெட்டும் ஃபாக்ஸும் மணந்துகொண்டார்கள், பெரும்பாலும் பிரிந்தே வாழ்ந்தார்கள். அந்த வீட்டுத் தபாலில் எஞ்சியவை, ஸ்வார்த்மூர்த் தொகுப்பு என்ற பெயரில், ஏறத்தாழ 1,400 கடிதங்களும் ஆவணங்களும் லண்டனில் உள்ள குவேக்கர் நூலகத்தில் இருக்கின்றன.

எல்லோரும் ஒரே மாதிரி எளிய, மங்கிய நிற உடை உடுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு கூட்டங்களில் இறுகிவந்தபோது, 1700இல், எண்பத்தைந்து வயதை ஒட்டிய மார்கரெட் அது அசட்டுத்தனம் என்று கடுமையாக எழுதினார். யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டுப்பாடும் அதே மாதக் கூட்டங்கள் வழியாகவே பரவி, நூறாண்டுக்கு மேல் நிலைத்தது.