கறுத்துப்போன எண்ணெய்

டீசல் காரின் எண்ணெய் அளக்கும் குச்சியை முதன்முதலாக உருவிப் பார்ப்பவர் திகைத்துப் போவது வழக்கம். போன வாரந்தான் தேன் நிறத்தில் ஊற்றிய எண்ணெய், இன்று சட்டியின் அடிக்கரியைக் கரைத்தாற்போல் கறுத்துக் கிடக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்ற சந்தேகமும் உடனே எழும். அவர் மீது பழியில்லை. காற்றை வெகுவாக அழுத்தி, அதனால் பிறக்கும் உஷ்ணத்தைக் கொண்டே எரிபொருளைப் பற்றவைப்பது டீசல் எஞ்சினின் இயல்பு. அவ்வாறு எரிகையில் உண்டாகும் நுண்ணிய கரியில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்க, அது எங்கும் திரண்டு படியாதபடி மிதக்கவிட்டுச் சுமக்கும் ரசாயனங்கள் எண்ணெயில் சேர்ந்திருக்கின்றன. எனவே எண்ணெய் கறுப்பது அது தன் ஊழியத்தைச் செய்கிறது என்பதற்கே அடையாளம். ஆனால் அந்தச் சுமக்கும் சக்திக்கும் ஓர் எல்லை உண்டாகையால், நிறத்தைப் பாராமல், ஓடிய தூரத்தையும் கழிந்த காலத்தையும் கணக்கிட்டே மாற்ற வேண்டும்.

2007 முதல் ஸ்விஃப்ட் டீசலிலும், பின்னர் இண்டிகா விஸ்டாவிலும் நம் சாலைகளில் ஓடிய, ஃபியட் நிறுவனத்தார் வகுத்த 1.3 லிட்டர் எஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதுவே இத்தகைய கார்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கெடு. ஏறத்தாழ 3 லிட்டர் எண்ணெய், ஒரு ஃபில்டர், வடிகால் போல்ட்டுக்கு ஒரு புது வாஷர் ஆகியவை போதும். எண்ணெயின் தரத்தை மட்டும் கையேட்டைப் பார்த்தே வாங்க வேண்டும்.

எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு நிறுத்தினால், எண்ணெய் இளகிக் கரியையும் உடன் கொண்டு இறங்கும். கொதிக்கும் சூட்டில் இறக்கினால் கைதான் வெந்துபோகும். சமதளத்தில் கை பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கியதும் உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்கிவிட வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பிக் காரின் அடியில் தலை கொடுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். பிறகு போல்ட்டைக் கழற்றி, சொட்டு நிற்கும்வரை பொறுத்திருந்து, புது வாஷருடன் திரும்ப முடுக்கலாம். பலத்தைக் காட்டி இறுக்கினால் சம்ப்பின், அதாவது அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின், மரை போய்விடும். அதைச் சரிசெய்யும் செலவோடு பார்க்கையில் எண்ணெயின் விலை அற்பம்.

இந்த எஞ்சினின் ஃபில்டர் ஒரு மூடிக்குள் இருக்கும் காகித மடிப்பு. பழைய ரப்பர் வளையத்தை எடுத்தெறிந்து, புதியதற்குச் சிறிது எண்ணெய் தடவிப் பொருத்துவது அவசியம். பழையது ஒட்டியிருப்பதைக் கவனியாமல் அதன்மேலேயே புதியதை வைத்துவிட்டு, மறுநாள் வாசலில் எண்ணெய்க் குளத்தைக் கண்டு விழிப்பவர் உண்டு.

புது எண்ணெயைச் சற்றுக் குறைவாகவே ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் விளக்கு அணைந்ததும் கசிவு உண்டா என்று பார்த்து, நிறுத்தி ஐந்து நிமிஷம் கழித்துக் குச்சியில் இரு குறிகளுக்கிடையே நிற்குமாறு நிரப்ப வேண்டும். தாராளம் இங்கே குணமாகாது. மிகுந்த எண்ணெயைச் சுழல்தண்டு கடைந்து நுரையாக்கிவிடும்.

காரியம் இத்துடன் முடிந்ததென்று பலர் கை கழுவிவிடுகிறார்கள். வடித்த எண்ணெயோ நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரமான கழிவு. தோலில் அடிக்கடி படுவதும் நல்லதன்று. புதிய எண்ணெய் வந்த அதே டப்பாவில் அதை ஊற்றி மூடி, பழைய எண்ணெயைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தம் காரைத் தாமே பேணுகிறவர், தெருச் சாக்கடையையும் தம்முடையதாகவே எண்ண வேண்டும்.