விஸ்கி பாட்டிலில் இருந்த '12' எங்கே போச்சு?

எலைஜா கிரெய்க் என்பது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் தயாராகும் பிரபலமான போர்பன் விஸ்கி. அதன் முன்பக்க லேபிளில் பெருசா இருந்த '12' என்ற எண், முதலில் பின்பக்கத்துக்கு நகர்ந்துச்சு. 2016-ல் அங்கேயும் காணோம். ரசிகர்கள் கொந்தளிச்சுட்டாங்க. ஒரு நம்பருக்கா இவ்ளோ கோபம்னு கேட்கிறீங்களா? (குடிக்கச் சொல்லி எழுதலை பாஸ், மது உடல்நலத்துக்குக் கேடு!)

அந்த எண், விஸ்கி மரப் பீப்பாய்க்குள் இருந்த வருஷக் கணக்கு. பல பீப்பாய்களைக் கலந்துதான் பாட்டிலில் அடைப்பாங்க. அதில் வயசு குறைஞ்சது எதுவோ, அதுதான் லேபிளில் வரணும். 15 வருஷ விஸ்கியில் 4 வருஷ விஸ்கியைக் கொஞ்சம் ஊத்தினாலும் வயசு 4-தான். சராசரி போட்டு ஏமாத்த முடியாது.

'12' போனதும், உள்ளே இருப்பது 8 முதல் 12 வருஷ விஸ்கிகளின் கலவைன்னு தயாரிப்பாளரான ஹெவன் ஹில் சொன்னது. ஏன் இந்த மாற்றம்? போர்பனுக்குத் திடீர்னு கிராக்கி கூடிடுச்சு. ஆனா 2016-ல் 12 வருஷ விஸ்கி விற்கணும்னா, 2004-லயே பீப்பாயில் ஊத்தி வெச்சிருக்கணும். அதுலயும் வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிடும். அதுக்கு 'தேவதைகளின் பங்கு'ன்னு செல்லப் பேரு வேற!

சரி, வயசு கூடினா ருசியும் கூடுமா? அப்படிச் சொல்ல முடியாது. சட்டப்படி போர்பனை உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்கணும். புது மரம், கென்டக்கி வெயில்... ரொம்ப வருஷம் விட்டா மரக் கசப்பு ஏறிடும். ஸ்காட்ச் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில், குளிர்ந்த ஊரில் ஊறுவது. ரெண்டு வயசையும் ஒண்ணா வெச்சுப் பார்க்கக் கூடாது.

ஆனாலும் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்குன்னுதான் தோணுது. பேரு மாறலை, உள்ளே இருப்பது மாறிடுச்சு. காசு கொடுக்கிறவருக்கு அதைக் காட்டிக்கொடுக்க அந்த எண்தானே இருந்துச்சு?

எண்ணே இல்லாத பாட்டிலிலும் ஒரு துப்பு உண்டு. 'ஸ்ட்ரெய்ட்'னு போட்டிருந்தா குறைஞ்சது 2 வருஷம். 4 வருஷத்துக்குக் கீழே இருந்தா வயசைச் சொல்லியே ஆகணும். ஆக, 'ஸ்ட்ரெய்ட்' இருந்து எண் இல்லைன்னா, 4 வருஷமாவது ஆகியிருக்கும். 'பாட்டில்ட் இன் பாண்ட்'னு இருந்தாலும் குறைஞ்சது 4 வருஷம்தான். கலப்படம் தலைவிரிச்சு ஆடிய காலத்தில், 1897-ல் வந்த சட்டம் அது.

இதேபோல 2016-ல் '9'-ஐத் தூக்கிய நாப் கிரீக், 2020-ல் அதைத் திரும்ப லேபிளுக்குக் கொண்டுவந்துடுச்சு.