எப்போ வரும்... எதனால வரும்? சொரியாசிஸுக்கு ஒரு டைரி போடுங்க!

‘போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். திடீர்னு முழங்கை, முழங்கால், தலைனு மறுபடி கிளம்பிடுச்சு. முந்தின நாள் கத்தரிக்காய் சாம்பார் சாப்பிட்டேன். அதுதான் காரணம்னு நினைக்கிறேன்!’

சரும நோய் டாக்டர்களுக்குப் பழகிப்போன வசனம் இது. பாவம், கத்தரிக்காய்! பெரும்பாலும் அது செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்குகிறது.

சொரியாசிஸ் என்பது என்ன? சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்று சொல்வார்கள். நம் தோலின் அடியில் பிறக்கிற செல்கள் மேலே வந்து உதிர சாதாரணமாக சுமார் 28 நாட்கள் ஆகும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு, உடம்பின் எதிர்ப்பு சக்தி தேவையில்லாமல் முடுக்கிவிடுவதால், இந்த வேலை நாலைந்து நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. உதிர நேரமில்லாமல் செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, சிவந்த தடிப்பாக, வெள்ளிச் செதிலாகத் தெரிகின்றன. இது தொற்றுநோய் அல்ல. தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ ஒட்டாது. ஆனால், அடங்குவதும் கிளம்புவதுமாகப் பல வருஷம் கூடவே வரும்.

ஞாபகம் ஏமாற்றும்!

கிளம்புவதற்குக் காரணம் உண்டு. ஆனால் அது நேற்று நடந்ததாக இருக்காது. இங்கேதான் எல்லோரும் ஏமாந்துபோகிறோம்.

தோலில் சிராய்ப்போ, கீறலோ, சூடோ பட்டால், அதே இடத்தில் சொரியாசிஸ் முளைப்பது உண்டு. 19-ம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிச் கோப்னர் என்ற ஜெர்மன் டாக்டர் இதைக் கவனித்துச் சொன்னார். காயம் பட்டு, பெரும்பாலும் 10 முதல் 20 நாள் கழித்துத்தான் தடிப்பு தெரியும். தொண்டைப் புண்ணும் அப்படித்தான். குறிப்பாக இளம் வயதினருக்கு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை கட்டி, அது ஆறி, இரண்டு மூன்று வாரம் போனபிறகு உடம்பெங்கும் பொட்டுப் பொட்டாகக் கிளம்பும். சில மாத்திரைகள் இன்னும் மெதுவாக, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வேலையைக் காட்டும்.

மூணு வாரத்துக்கு முன் தொண்டை வலித்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்? நேற்றைய சாம்பார்தான் ஞாபகம் இருக்கும்!

ஒரு குடும்பத் தலைவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கத்தரிக்காய், கருவாடு, தக்காளி என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார். இடுப்பைச் சுற்றி வருவது மட்டும் நிற்கவில்லை. ‘ஒட்டிக்குமோ’ என்று சொந்தக்காரர்கள் பார்க்கும் பார்வைக்குப் பயந்து கல்யாணம் காட்சிக்குப் போவதையே விட்டுவிட்டார். டைரி எழுத ஆரம்பித்தால் அவருக்கு என்ன தெரியவரும்? தடிப்பு வருகிற இடம், உள்பாவாடை நாடா இறுக்குகிற இடம்! அகலமான பட்டி வைத்துத் தளர்வாகக் கட்டினாலே உரசல் குறையும். பட்டினி கிடக்க வேண்டியது கத்தரிக்காய்க்காக இல்லையே!

என்னென்ன எழுதணும்?

நாற்பது பக்க நோட்டு போதும். தினம் இரண்டே நிமிஷம்.

1. எங்கே, எவ்வளவு? உங்கள் விரல்களோடு சேர்த்த உள்ளங்கை, உங்கள் உடம்புத் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. ‘முதுகில் இரண்டு கை, காலில் ஒரு கை’ என்று எழுதுங்கள். டாக்டருக்குப் பளிச்சென்று புரியும்.

2. எப்படி இருக்கு? சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை மார்க் போடுங்கள். 1978 முதல் டாக்டர்கள் பயன்படுத்தும் கணக்கும் இந்த மூன்றையும் இப்படித்தான் அளக்கிறது. இதை வாரம் ஒருமுறை செய்தால் போதும். தினமும் கண்ணாடி முன் நின்றால் கவலைதான் வளரும்.

3. அரிப்பும் தூக்கமும். அரிப்புக்கு 0 முதல் 10 வரை மார்க். ராத்திரி விழிப்பு வந்ததா?

4. என்ன நடந்தது? தொண்டை வலி, காய்ச்சல், காயம், வீட்டில் டென்ஷன், மது, சிகரெட், புது மாத்திரை... எல்லாம் தேதியோடு.

5. மருந்து. களிம்பு போட்ட நாள், மறந்த நாள் இரண்டும். மெதோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். சொரியாசிஸுக்கு அது வாரம் ஒருமுறைதான். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையைப் பெரிய எழுத்தில் குறித்து வையுங்கள்.

6. மூட்டு. காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு, விரல் முழுக்க வீக்கம், குதிகால் வலி, நகத்தில் குழிகள் இருந்தால் கண்டிப்பாக எழுதுங்கள். சொரியாசிஸ் உள்ள நூறு பேரில் முப்பது பேர் வரை மூட்டுவாதம் வரலாம். ஆரம்பத்தில் பிடித்தால் மூட்டுச் சேதத்தைப் பெருமளவு தடுக்கலாம்.

செல்போன் இருக்கிறதா? வாரம் ஒரு படம். அதே இடம், அதே ஜன்னல் வெளிச்சம், அதே தூரம்.

ஒரு முறை வந்தால் சாட்சி ஆகாது!

மூணு மாசம் எழுதியபின் பின்னோக்கிப் படியுங்கள். கிளம்பிய ஒவ்வொரு தேதியிலிருந்தும் மூணு நாலு வாரம் பின்னால் போய்ப் பாருங்கள். புது மாத்திரை என்றால் இன்னும் பின்னால் போங்கள். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறதா? அதைத்தான் சந்தேகிக்கணும். ஒரே ஒரு முறை சேர்ந்து வந்ததை வைத்து எதையும் ஒதுக்காதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை: லித்தியம், சில ரத்த அழுத்த மாத்திரைகள், மலேரியா மாத்திரைகள் சொரியாசிஸைக் கிளப்பலாம். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் இதயத்துக்கே ஆபத்தாகும் மாத்திரைகளும் உண்டு. நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள், அவர் மாற்றித் தருவார். அதேபோல, ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று விட்டால் சொரியாசிஸ் மூர்க்கமாகத் திரும்பலாம். கடையில் நீங்களாக வாங்கிய களிம்பையும் நோட்டில் மறைக்காமல் எழுதுங்கள்.

உடம்பு முழுக்கச் சிவந்து காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலோ, திடீரெனச் சீழ்க் கொப்புளங்கள் பரவினாலோ நோட்டெல்லாம் அப்புறம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி...

1994-ல் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் நாட்டில், கார்டிஃப் நகர டாக்டர்கள் பத்தே கேள்விகளில் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். தோல் நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க அது இன்றும் உதவுகிறது. நீங்களும் ஞாயிறுதோறும் ஒரே ஒரு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: ‘இந்த வாரம் இதனால் நான் எங்கே போகாமல் இருந்தேன்?’

தயங்காமல் அந்தப் பதிலையும் டாக்டரிடம் படித்துக் காட்டுங்கள். தடிப்பு சின்னதாக இருந்தாலும், அது உங்களை வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தால், சிகிச்சையைக் கூட்ட அதுவே போதுமான காரணம்.

அந்தக் கேள்விக்கு ‘எல்லா இடத்துக்கும் போனேன்’ என்று நீங்கள் எழுதுகிற நாள்தான், சிகிச்சை ஜெயித்த நாள்!