செங்கொடியின் கீழ் ஒரு பழைய வன்மம்

1953 ஜனவரி 13. சோவியத் தலைவர்களைச் சிகிச்சை என்ற பெயரில் கொல்லச் சதி செய்ததாக ஒன்பது மருத்துவர்கள் மீது மாஸ்கோவின் ‘பிராவ்தா’ நாளிதழ் குற்றம் சாட்டியது. அவர்களில் ஆறு பேர் யூதர்கள். புதுச்சேரிப் பகுதியிலுள்ள பண்டசோழநல்லூர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தப் பிரான்சிலேயே கம்யூனிஸ்ட் மருத்துவர்கள் சிலர் இந்தப் பொய்யை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். வழக்கு ஜோடிக்கப்பட்டது என்று ஏப்ரலில் அதே பிராவ்தா எழுதியது.

செங்கொடியின் கீழ் நடந்த இந்த யூத வெறுப்பைப் பேச நம் பக்கத்தில் ஒரு தயக்கம் உண்டு. காரணம் புரிகிறது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. அந்தப் போராட்டத்தை வழிநடத்திய கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவின் பெயரை இங்கே நன்றியோடு சொல்லும் குடும்பங்கள் உண்டு. மலிவு விலை சோவியத் புத்தகங்களில் உலகத்தைப் படித்தவர்களும் உண்டு. அந்த மரியாதை எனக்கும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

1952-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில், கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் பொதுச் செயலாளர் ருடால்ஃப் ஸ்லான்ஸ்கி உட்பட 14 கட்சித் தலைவர்கள் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் 11 பேர் யூதர்கள். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘யூத வம்சாவளி’ என்று குற்றப்பத்திரிகையிலேயே எழுதியிருந்தது. கட்சிக்காகவே உழைத்த வாழ்க்கை அந்த ஒரு குறிப்புக்கு முன்னால் நிற்கவில்லை. 14 பேரில் 11 பேரைத் தூக்கிலிட்டார்கள். பிறப்பையே குற்றமாக்குவது என்றால் என்னவென்று, ஊர் வேறு சேரி வேறு என்று கிடக்கும் நம் கிராமங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1963-இல் கீவ் நகரில் உக்ரைன் அறிவியல் அகாதெமி, திரோஃபிம் கிச்கோ எழுதிய ஒரு நூலை வெளியிட்டது. யூத மதத்தைத் தாக்கும் நூல். வளைந்த மூக்கு, பணத்தாசை என்று அதிலிருந்த கேலிச்சித்திரங்கள் நாஜிப் பத்திரிகைகளை அப்படியே நினைவூட்டின. மேலை நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளே கொதித்தெழுந்த பிறகுதான் மாஸ்கோ பின்வாங்கியது. 1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் அதே உருவம் ‘சியோனிஸ்ட்’ என்ற பெயரில் திரும்பி வந்தது. 1968-இல் போலந்தில் இந்தப் பிரச்சாரம் 13,000-க்கும் மேற்பட்டோரை நாட்டைவிட்டே துரத்தியது. ஹிட்லரின் முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இஸ்ரேல் அரசின் குண்டுவீச்சைக் கண்டித்து ஊர்வலம் போகலாம், போகவும் வேண்டும். அந்த ஊர்வலத் தட்டியில் ஓர் இனத்தின் மூக்கை வரைந்தால் அது பாலஸ்தீனக் குழந்தைக்கு ஒரு பிடி சோறும் தராது. சோவியத் நூல்களைத் தமிழில் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த இடதுசாரிப் பதிப்பகங்கள், ஸ்லான்ஸ்கி வழக்கையும் போலந்தின் 1968-ஐயும் தமிழில் கொண்டுவர வேண்டும்.